43 அங்குல டிவியில் ஆய்வேடு எழுதலாமா? எழுத்து ஏன் ஊறுகிறது?

#1 பட்டம்_பாக்கி

விடுதி அறையில் மானிட்டருக்கும் டிவிக்கும் தனித்தனியாக இடமில்லை. இருப்பது 43 அங்குல 4கே (3840க்கு 2160 பிக்சல்) எல்இடி டிவி. பகலில் அது ஆய்வேட்டுக்கும் நிரலுக்கும் திரையாக வேண்டும், ராத்திரி செய்திக்கும் கிரிக்கெட்டுக்கும் டிவியாகவே இருக்க வேண்டும். மடிக்கணினி எட்டாம் தலைமுறை ஐ5, விண்டோஸும் உபுண்டுவும் உண்டு. எச்டிஎம்ஐ வாய் ஒன்று, யுஎஸ்பி-சி வாய் ஒன்று.

எச்டிஎம்ஐ கேபிளை நேரே செருகினால்:

டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது, நாலு ஓரமும் வெட்டு.
மவுஸ் அம்பு சேற்றில் நடப்பதுபோல் இழுக்கிறது.
கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம்.
நிரலில் சிவப்பு நிறத்தில் வரும் சொற்கள் ஈரத்தாளில் மை ஊறினாற்போல.

டிவி என்றாலே இப்படித்தானா, திருத்த வழி உண்டா?

#2 வயர்மேன்64

நாலுக்கும் வைத்தியம் உண்டு. நாலும் வேறு வேறு நோய், ஒரே மாத்திரையில் போகாது.

டிவி செய்தவன், வரும் படம் சுமாராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு செய்திருக்கிறான். அதனால் ஓரத்தை வெட்டும், விளிம்பைத் தீட்டும், இரைச்சலைத் துடைக்கும், இல்லாத ஃபிரேமை நடுவில் சேர்க்கும். சினிமாவுக்கு அது ஒப்பனை. எழுத்துக்கு அத்தனையும் கேடு. நீங்கள் செய்யப்போவது எல்லாமே 'நீ ஒன்றும் செய்யாதே, வந்ததை அப்படியே காட்டு' என்று அதனிடம் சொல்வதுதான்.

முதலில் ஓர வெட்டு. இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். வெட்டுவதோடு நிற்பதில்லை, மிச்சத்தை இழுத்து நிரப்புவதுதான் பெரிய கெடுதல். அகலத்தில் 5 விழுக்காடு போனால் 3840 பிக்சலில் 3648 மிஞ்சும். அதை மறுபடி 3840-க்கு நீட்டினால் ஒரு பிக்சல்கூடத் தன் கட்டத்தில் உட்காராது, திரை முழுக்க எழுத்து மங்கும். ஆகவே கணினிப் பக்கம் கிராஃபிக்ஸ் டிரைவரில் படத்தைச் சுருக்கி ஓரத்தைச் சரிக்கட்டாதீர்கள். ஓரம் தெரியும், ஆனால் இரண்டு முறை நீட்டிச் சுருக்கின எழுத்துதான் கிடைக்கும். டிவியிலேயே அணைக்க வேண்டும். சாம்சங்கில் படத்தின் அளவு அமைப்புக்குள் 'ஃபிட் டு ஸ்கிரீன்', எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்'. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

ஒளிவட்டம் வருவது ஷார்ப்னஸால். பெரும்பாலான டிவிகளில் 0 வையுங்கள். சிலவற்றில் நடு எண்தான் 'எதுவும் செய்யாத' நிலை, அதற்குக் கீழே போனால் எழுத்து மொழுக்கென்று ஆகிவிடும். வெள்ளைப் பின்னணியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு போட்டுவிட்டு எண்ணை மேலும் கீழும் நகர்த்துங்கள். கோட்டின் பக்கத்தில் இருக்கும் வெள்ளை, மற்ற வெள்ளையைவிடப் பளிச்சென்று தெரியாத இடத்தில் நிறுத்துங்கள்.

#3 ஆன்டெனா_கம்பம்

ஓவர்ஸ்கேன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். படக்குழாய் டிவியில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படத்தின் அளவும் கூடிக் குறையும். ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியக்கூடாது என்று கொஞ்சம் பெரிதாகவே வரையவிட்டார்கள், ஒளிபரப்பாளர்களும் முக்கியமானதை ஓரத்தில் வைப்பதில்லை. தட்டைத் திரை வந்தபின் காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல வண்ண டிவி இன்னும் சில வீட்டுப் பரணில் இருக்கும். அதைக் கணினித் திரையாக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்த டிவிக்கான பழைய ஒளிபரப்பு முறையான பால் (PAL)-இல் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576, அதுவும் ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை. நிரல் எழுத ஆகாது.

#4 வயர்மேன்64

இரண்டாவது, மவுஸ் இழுப்பு. அந்தத் தலைமுறை மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ வாய் பெரும்பாலும் 1.4 பதிப்பு. அதன் கொள்ளளவு நொடிக்கு 10.2 கிகாபிட். 4கே, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம்), முழு நிறம் மூன்றும் சேர்ந்து வேண்டுமானால் கிட்டத்தட்ட 18 தேவை, அது எச்டிஎம்ஐ 2.0-இல்தான். அதனால் உங்கள் வாய் 4கே-யை 30 ஹெர்ட்ஸில் தள்ளுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 33 மில்லிநொடி. சேறு அதுதான்.

எச்டிஎம்ஐ-யை விட்டுவிட்டு யுஎஸ்பி-சி வாயைப் பயன்படுத்துங்கள். அந்த வாயில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் வசதி, இருக்க வேண்டும். பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் அம்போ இருந்தால் இருக்கிறது. குறியே இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பாருங்கள்.

அடாப்டர் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பென்டிரைவ் வாய், கார்டு வாய் எல்லாம் சேர்ந்த 'ஹப்' வாங்கினால், யுஎஸ்பி 3 வேகத்துக்காக, படம் போகும் நாலு பாதையில் இரண்டை அது எடுத்துக்கொள்ளும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் நாலு பாதைக்கு 17.28 கிகாபிட், இரண்டு பாதைக்கு 8.64. பாதி வழியில் 4கே 60 போகாது, திரும்பவும் 30-தான். படம் மட்டும் கொடுக்கும் ஒற்றை அடாப்டர், '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று தெளிவாக எழுதியது, அதை வாங்குங்கள். கேபிள் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரையோடு 2 மீட்டருக்குள் இருக்கட்டும். கேபிள் தாங்கவில்லையென்றால் எழுத்து மங்காது. திரை நொடிநேரம் கறுத்துத் திரும்பும், அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னும். மங்கலுக்குக் கேபிளைத் திட்டிப் பயனில்லை.

டிவி பக்கமும் ஒரு பூட்டு உண்டு. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டை 'என்ஹான்ஸ்டு'. நீங்கள் செருகிய வாய் எதுவோ அதற்கு இதை இயக்கினால்தான் முழு வேகம் உள்ளே போகும்.

#5 மூன்றுசுழி

சிவப்பு எழுத்து ஊறுவதைப் பற்றி.

டிவிக்கு வரும் படத்தில் வெளிச்சமும் நிறமும் தனித்தனி. 4:2:0 என்ற முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்த வெளிச்சம் உண்டு. நிறம் மட்டும் இரண்டுக்கு இரண்டு கட்டத்துக்கு ஒன்றுதான், அதாவது நாலு பேருக்கு ஒரே சட்டை. வெள்ளையில் கறுப்பு எழுதினால் வெளிச்சத்திலேயே வேறுபாடு இருப்பதால் குறை தெரியாது. நீலத்தில் சிவப்பு எழுதினால் இரண்டுக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்று, வேறுபடுத்துவது நிறம்தான். அங்கே எழுத்து கரைந்துவிடும். ஆய்வேட்டைத் தட்டச்சுவது நன்றாக இருக்கிறதே, நிரலும் வரைபடமும் மட்டும் ஏன் மோசம் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

'60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது' என்று நிம்மதி அடைவதிலும் ஒரு பொறி உண்டு. 4:2:0-வில் தரவு பாதியாவதால், குறைந்த கொள்ளளவுக்குள்ளேயே 4கே 60 நுழைந்துவிடும். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடும், எழுத்து ஊறிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வரை போங்கள். கலர் ஃபார்மட்டில் ஆர்ஜிபி (ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்த நிறம்) என்றிருக்க வேண்டும். கடைசியில் 420 என்று முடிந்தால் இன்னும் வேலை பாக்கி.

கணினி ஆர்ஜிபி அனுப்பினாலும் போதாது, வாங்கினதை டிவி உள்ளே போய்ப் பாதியாக்கிவிடலாம். பல டிவிகள் 'பிசி' என்று அந்த வாய்க்குப் பெயர் மாற்றினால்தான் முழு நிறத்தையும் அப்படியே காட்டும். எல்ஜி, சாம்சங்கில் உள்ளீட்டுப் பட்டியலில் அந்த வாயின் சின்னத்தை 'பிசி' ஆக்க வேண்டும். சோனியில் 'கிராஃபிக்ஸ்' படமுறை. பெயர் மாற்றுவதால் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள், பலருக்கு விடுபடும் படி இதுதான்.

சோதிக்க ஆங்கிலச் சோதனைப் படம் தேடி அலைய வேண்டாம். நீலப் பின்னணியில் சிவப்பில் 9 பாயின்ட் அளவில் 'கண் கன் தண் தன்' என்று தட்டச்சிடுங்கள். மூன்று சுழியும் இரண்டு சுழியும் பிரிந்து தெரிகிறதா, மேலே புள்ளி தனி வட்டமாக நிற்கிறதா, இல்லை எழுத்தோடு ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். சுழி அடைபட்டால் நிறம் பாதியாகிறது என்று பொருள். நீலமும் சிவப்பும் இல்லாமல் கறுப்பு வெள்ளையிலேயே புள்ளி ஒட்டினால் ஓவர்ஸ்கேனோ ஷார்ப்னஸோ இன்னும் ஒழியவில்லை.

#6 சந்தேகச்சாமி

இவ்வளவு பாடுபடுவதற்கு 24 அங்குல மானிட்டரைப் பழையதாக வாங்கிவிடலாம். அளவைப் பார்ப்போம். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்?

24 அங்குலம், 1080 (1920க்கு 1080): 92.
43 அங்குலம், 4கே: 102.
32 அங்குலம், 1080: 69.
32 அங்குலம், 'எச்டி ரெடி' 1366க்கு 768: 49.

43-இல் 4கே தேறும். கடைசி இரண்டில் ஒன்று கையில் இருக்கிறவர் இந்த இழையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அதிலும் 1366 என்பது எட்டால் வகுபடாத எண். பல டிவிகள் எச்டிஎம்ஐ-யில் அந்த அளவை ஏற்பதே இல்லை, 1360 அல்லது 1280 வாங்கி நீட்டும். எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது.

#7 வயர்மேன்64

> 24 அங்குல மானிட்டரைப் பழையதாக வாங்கிவிடலாம்

32 எச்டி ரெடிக்கு நீங்கள் சொன்னது சட்டம். ஆனால் 43-இல் 4கே கையில் இருப்பவருக்கு, இடப்பக்கம் கட்டுரை, நடுவில் எழுதுவது, வலப்பக்கம் வரைபடம் என்று மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். 24-இல் அது நடக்காது.

தூரம்தான் கெடுக்கும். 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. 60 செ.மீ. ஆழமுள்ள சாதாரணப் படிப்பு மேசையில் வைத்தால் ஓரத்தைக் கண் 38 பாகை சாய்வில் பார்க்கும். கழுத்து ஆடும், போதாததற்கு, நேரே பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும் விஏ வகைப் பேனலில் ஓரத்து நிறம் வெளுக்கும். 85 அல்லது 90 செ.மீ. வேண்டும். சுவரில் மாட்டிவிட்டு மேசையைச் சுவரிலிருந்து 30 செ.மீ. முன்னால் இழுத்துப் போடுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. ஹாலில் சோபாவுக்கு மாட்டும் உயரத்தில் மாட்டினால் ஒரு வாரத்தில் பிடரி வலிக்கும்.

அந்தத் தூரத்துக்கு எழுத்தின் அளவை 125 விழுக்காடு வையுங்கள். மிஞ்சும் இடம் 3072க்கு 1728, அதுவே தாராளம்.

வெளிச்சம்: கடையில் வைத்த 'விவிட்' முறையில் பக்கம் பக்கமாகப் படிக்காதீர்கள். ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அறை விளக்கில் தாள் எவ்வளவு வெள்ளையோ திரையும் அவ்வளவே வரும்வரை பேக்லைட்டைக் குறையுங்கள். நூற்றில் 15, 20-க்கு வந்துவிடும். டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை வெளிச்சத்துக்கு மாறும் ஈகோ சென்சார், மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் நாலையும் அணையுங்கள். வரைபடத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைச் செய்யாமல் தேர்ந்தெடுத்தால் அச்சில் வேறு நிறம் வரும்.

#8 நள்ளிரவு_ஓட்டம்

எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். டிவியை மானிட்டராக்கினால், ராத்திரி முழுக்கக் கணினியில் ஓடவிடும் கணக்கீடு நின்றுபோகும் வழி ஒன்று இருக்கிறது. இது தெரியாமல் நிரலில் பிழை தேடுகிறவர்கள் அதிகம்.

மடிக்கணினியின் மூடியை மூடிவிட்டு டிவியை மட்டும் திரையாக வைத்து, சிமுலேஷனை ஓடவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். பல டிவிகளில் ரிமோட்டைத் தொடாமல் 4 மணி நேரம் இருந்தால் தானே அணைந்துகொள்ளும் அமைப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். மவுஸை அசைப்பது டிவிக்குத் தெரியாது, அதற்கு ரிமோட் மட்டும்தான் மனிதன். டிவி அணைகிறது. மானிட்டராக இருந்தால் அணைந்தாலும் பெரும்பாலும் இணைப்பில் இருப்பதாகவே கணினிக்குச் சொல்லும். டிவிகளில் பல, கேபிளைப் பிடுங்கியதுபோல் காணாமல் போய்விடும்.

உபுண்டுவில் மூடி மூடியிருக்கும்போது என்ன செய்வது என்பதற்குத் தனித்தனி விதிகள். வெளித்திரை இருந்தால் அதை 'டாக்' நிலையாகக் கணக்கிட்டு மூடியைக் கண்டுகொள்ளாது. வெளித்திரை இல்லையென்றால் தூங்கப் போகும். டிவி காணாமல் போன உடனே நிலைமை மாறுகிறது: மூடி மூடியிருக்கிறது, வெளித்திரை இல்லை, தூங்கு. பதினொரு மணிக்கு ஆரம்பித்த ஓட்டம் மூன்று மணிக்கு உறைந்து நிற்கும். காலையில் டிவியைப் போட்டு மூடியைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், எந்தப் பிழைச் செய்தியும் இருக்காது. தொலைவிலிருக்கும் கிளஸ்டரோடு (பல கணினிகள் சேர்ந்த கணக்கீட்டுத் தொகுப்பு) பேசிக்கொண்டிருந்த இணைப்பு மட்டும் அறுந்து கிடக்கும். மேக் மடிக்கணினியிலும் மூடிய நிலையில் வெளித்திரை போனால் தூக்கம்தான்.

செய்ய வேண்டியது:

டிவியில் ஈகோ அல்லது டைமர் பட்டியலில் இந்தத் தானியங்கி அணைப்பை எடுத்துவிடுங்கள். 'சிக்னல் இல்லையென்றால் அணை' என்பது வேறு, அது இருக்கலாம்.

உபுண்டுவில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் லாகின் அமைப்புக் கோப்பில் மூடிக்கான வரியை 'இக்னோர்' ஆக்கி, வரியின் முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை நீக்குங்கள். அந்தச் சேவையை மட்டும் மறுபடி தொடங்கினால் சில வேளை அமர்வே வெளியேறிவிடும், கணினியையே ஒருமுறை மறுதொடக்கம் செய்வது மேல். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸில் 'மூடியை மூடினால்' என்பதற்கு 'டூ நத்திங்'.

மூடி மூடியே ஓடும் கணினியைப் பையிலோ மெத்தையிலோ வைக்காதீர்கள், சூடு வெளியேற வழி இருக்காது.

கிளஸ்டரில் ஓடுவது எதுவானாலும், இணைப்பு அறுந்தாலும் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் டிமக்ஸ் அமர்வுக்குள் தொடங்குங்கள். அப்புறம் உங்கள் பக்கம் எது தூங்கினாலும் அங்கே ஓட்டம் நிற்காது.

மின்வெட்டுக்கு: 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ்ஸில் டிவியைச் செருகாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, கணக்குக்கு 84 வாட்-மணி, கைக்கு வருவது அதைவிடக் குறைவு. 43 அங்குல டிவி மட்டுமே 70 முதல் 100 வாட் குடிக்கும். ரூட்டரையும் கணினியையும் செருகுங்கள். திரை அணைந்தால் வேலை நிற்காது, ரூட்டர் அணைந்தால் நிற்கும்.

#9 பட்டம்_பாக்கி

யுஎஸ்பி-சி ஒற்றை அடாப்டர், வாய்க்கு 'பிசி' பெயர், ஷார்ப்னஸ் 0 மூன்றும் ஆயிற்று. கலர் ஃபார்மட் ஆர்ஜிபி, 60 ஹெர்ட்ஸ். 'கண் கன்' பிரிகிறது, புள்ளி நிற்கிறது.

இரண்டு பாக்கி. கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூத்தாற்போல. செட்டாப் பாக்ஸ் தானாக உயிர் பெற்றால் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிவி அங்கே தாவிவிடுகிறது.

#10 ஆன்டெனா_கம்பம்

தாவுவது எச்டிஎம்ஐ சிஇசி. ஒரு சாதனம் விழித்தால் 'இப்போது என்னைக் காட்டு' என்று டிவிக்குச் சொல்லும் வசதி. சாம்சங் அதை அனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க், சோனி பிராவியா சிங்க். அணைத்துவிடுங்கள். ராத்திரி டிவி பார்க்க ரிமோட்டில் ஒரு பொத்தான் கூடுதலாக அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாக்ஸ் செருகிய வாய்க்கு 'பிசி' பெயர் வைக்காதீர்கள். அங்கே ஒப்பனை இருக்கட்டும், சேனல் படத்துக்கு அது கொஞ்சம் உதவும். அமைப்புகள் பெரும்பாலும் வாய்வாரியாக நினைவில் இருக்கும்.

#11 மூன்றுசுழி

சாம்பல் கறுப்பு: கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவைக் கணினி 16 முதல் 235 வரை எண்ணாக அனுப்புகிறது, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. 16 என்பதையே கறுப்பு என்று இது அனுப்ப, அது 16-ஐ அடர்சாம்பலாக வரைகிறது. டிவியில் 'பிளாக் லெவல்' அல்லது 'எச்டிஎம்ஐ ரேஞ்ச்', கணினியில் கிராஃபிக்ஸ் அமைப்பில் 'குவான்டைசேஷன்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்'. இரண்டையும் 'ஃபுல்' ஆக்குங்கள். கணினி ஃபுல் ஆகி டிவி மட்டும் ஃபுல் ஆகாவிட்டால் தலைகீழாகும்: கறுப்புக்குப் பக்கத்துச் சாம்பல்கள் எல்லாம் ஒன்றாகிக் கறுத்துவிடும், வரைபடத்தில் இருண்ட பகுதி விவரமின்றிப் போகும்.

#12 சந்தேகச்சாமி

மானிட்டருக்கு இல்லாத இன்னொரு வேலையை ஸ்மார்ட் டிவி செய்யும். திரையில் என்ன ஓடுகிறது என்று கைரேகைபோல் ஒரு அடையாளம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பும், பெயர் ஏசிஆர். 2017-இல் அமெரிக்காவில் விசியோ நிறுவனம் இதை ஒப்புதலின்றிச் செய்த வழக்கில் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சாம்சங், எல்ஜி டிவிகளைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சோதித்து 2024-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, எச்டிஎம்ஐ வழியே வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் இது நடக்கிறது என்று காட்டியது. அமைப்பில் மறுத்துவிட்டால் நிற்கிறது என்பதையும் அதுவே காட்டியது.

போவது அடையாளம்தான், உங்கள் அட்டவணை அல்ல. இருந்தாலும் வெளியிடாத முடிவுகளைத் திரையில் விரித்து வைத்திருப்பவருக்கு எளிய வழி: டிவிக்கு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாக்ஸும் கணினியும் இருக்கும்போது டிவிக்கு எதற்கு இணையம்?

#13 பட்டம்_பாக்கி

ரேஞ்ச் இரண்டு பக்கமும் ஃபுல், கறுப்பு கறுப்பாயிற்று. சிஇசி அணைத்தாயிற்று, வைஃபையும் மறக்கவைத்தாயிற்று. தாள் சோதனைப்படி பேக்லைட் 15. எழுத்து சுத்தம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குமேல் படித்தால் கண் எரிகிறது. பேக்லைட் 50-இல் வைத்தால் எரிச்சல் இல்லை, கூசுகிறது.

#14 வயர்மேன்64

அறை விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டிப் பாருங்கள். தொடர்ச்சியான மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட் நிதானமாக எரிகிறது. ஐந்தாறு பென்சில்கள் தனித்தனியாக நிற்பதுபோல் தெரிந்தால், உங்கள் டிவி வெளிச்சத்தைக் குறைப்பது விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான். பேக்லைட் எண் குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் நீளும். சிலருக்கு அதுதான் எரிச்சல்.

அப்படியானால் பேக்லைட்டை 50-க்கே ஏற்றிவிட்டு, 'கான்ட்ராஸ்ட்' எண்ணை இறக்கி வெள்ளையைத் தாள் அளவுக்குக் கொண்டுவாருங்கள். 'பிரைட்னஸ்' என்ற எண்ணைத் தொடாதீர்கள். பல டிவிகளில் அது கறுப்பின் அளவை மாற்றுவது, இப்போதுதான் சரிசெய்த கறுப்பு மறுபடி கெடும். கான்ட்ராஸ்ட்டை மாற்றியபின் 'கண் கன்' சோதனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

#15 பட்டம்_பாக்கி

15-இல் பென்சில்கள் தனித்தனி, எண்ணவே முடிகிறது. 50-இல் கிட்டத்தட்ட மங்கல். கான்ட்ராஸ்ட் 60-க்கு இறக்கினதும் தாளும் திரையும் ஒன்றாயிற்று, சுழிகள் அப்படியே இருக்கின்றன.